காதுக்குத் துணையாக வந்த எழுத்து

ஆங்கிலத்தைத் தடையின்றிப் படிப்பவர்களும் பிழையில்லாமல் எழுதுபவர்களும், அதே மொழியை ஓர் ஆங்கிலேயர் பேசக் கேட்கும்போது திணறிப்போவது நாம் அன்றாடம் பார்க்கும் ஒன்று. இதற்கு இன்று பரவலாகச் சொல்லப்படும் பயிற்சி எளியது. இரண்டு மூன்று நிமிடம் ஓடும் ஒரு வீடியோத் துண்டை எடுத்துக்கொண்டு முதலில் எழுத்து எதையும் பார்க்காமல் கேட்க வேண்டும். அடுத்து, பேசியதை அப்படியே எழுதிவைத்த எழுத்துப்படியைக் கண்முன் வைத்துக்கொண்டு கேட்டு, எந்தெந்த இடத்தில் காது ஏமாந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இடங்களை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கடைசியில் எழுத்தை மூடிவைத்துவிட்டு மறுபடி முழுதும் கேட்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்களும், வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு போனில் பேசவேண்டியிருக்கிற மென்பொருள் ஊழியர்களும், செவிலியர் வேலைக்கு இங்கிலாந்துக்கோ அயர்லாந்துக்கோ போகிறவர்களும் செய்வது இதைத்தான். இதை இணையம் தந்த வசதி என்றும், ஆங்கில ஆசிரியர்கள் கண்டுபிடித்த முறை என்றும் பொதுவாக நினைக்கிறோம். வரலாறு வேறு விதமாக இருக்கிறது. மொழி கற்பிக்கும் துறையின் முன்னணிச் சிந்தனை ஏறக்குறைய நூறு ஆண்டுகள், கேட்கிறவரின் கண்முன் எழுத்து இருக்கக்கூடாது என்றே வாதாடியது. பேச்சோடு ஒட்டி ஓடும் எழுத்தைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள், அந்தப் பேச்சைக் காதால் கேட்க முடியாதவர்கள். அமெரிக்காவின் காது கேளாதோர் எழுபது ஆண்டுகள் விடாமல் போராடிப் பெற்றதன் பலனைத்தான் இன்று உலகமெங்கும் ஆங்கிலம் கற்பவர்கள் அனுபவிக்கிறார்கள்.

எழுத்தின் துணை ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ‘ஐ ஷுட் ஹேவ் டோல்ட் ஹிம்’ என்ற ஐந்து சொற்களை எடுத்துக்கொள்வோம். நம் பள்ளிகளில் இவற்றை ஐந்து தனித்தனிச் சொற்களாகச் சொல்லப் பழகியிருக்கிறோம். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ சாதாரண உரையாடலில் இது ‘ஐஷுடவ் டோல்டிம்’ என்று வந்து விழும். ‘ஹேவ்’ சுருங்கி ‘அவ்’ ஆகி முன்சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. ‘ஹிம்’ தன் முதல் ஒலியை இழந்து, ‘டோல்ட்’ என்பதன் ஈற்றில் ஏறிக்கொள்கிறது. தமிழருக்குப் புணர்ச்சி புதிதல்ல. மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர் ஆவதை நம் இலக்கணம் விதியாக வகுத்திருக்கிறது, எழுத்திலும் அப்படியே எழுதுகிறோம். ஆங்கிலத்திலும் புணர்ச்சி உண்டு, திரிதலும் கெடுதலும் ஏராளமாகவே உண்டு. ஆனால் அந்த மொழி தன் புணர்ச்சியை எழுதுவதில்லை. எழுத்தில் ஐந்து சொற்களும் இடைவெளி விட்டு முழுதாக நிற்கின்றன. ஆகவே ஆங்கிலத்தைப் புத்தகத்தில் கற்ற ஒருவருக்குச் சொற்களும் தெரியும், இலக்கணமும் தெரியும். காதில் விழும் ஒலிச்சரத்தை எங்கே வெட்டுவது என்பதுதான் தெரியாது. 1977இல் ஜில்லியன் பிரவுன் எழுதிய ‘லிஸனிங் டு ஸ்போக்கன் இங்லிஷ்’ என்ற நூல் இதைத்தான் விரித்துச் சொன்னது. வகுப்பறையில் நிதானமாக, அழுத்தந்திருத்தமாகப் பேசும் ஆங்கிலத்தை மட்டுமே கேட்டு வளர்ந்த மாணவர் இயல்பான பேச்சைக் கேட்டதும் கைவிடப்பட்டவராகிறார் என்பது அவர் வாதம். ஒலிச்சரத்தில் சொற்களின் எல்லை எங்கே என்று காட்ட ஒன்று வேண்டும். எழுத்துப்படி செய்யும் வேலை அதுதான்.

ஒலியையும் எழுத்தையும் ஒன்றாக வைத்துக் கற்கும் எண்ணம் ஒலிப்பதிவு பிறந்தபோதே பிறந்துவிட்டது. எடிசன் 1877இல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு ‘நார்த் அமெரிக்கன் ரிவ்யூ’ இதழில் அந்தக் கருவி எதற்கெல்லாம் பயன்படும் என்று எழுதியபோது, பேச்சுப் பயிற்சியையும், மொழிகளின் உச்சரிப்பைப் பாதுகாப்பதையும், பார்வையற்றோருக்கான பேசும் புத்தகங்களையும் பட்டியலில் சேர்த்தார். சிறுவயதிலிருந்தே காது மந்தமான ஒருவர் எழுதிய பட்டியல் அது. இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் நகரிலிருந்து ஓர் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் மெழுகு உருளைகளில் பிரெஞ்சும் ஜெர்மனும் ஸ்பானிஷும் விற்றது. 1901இல் லண்டனில் ஜாக் ராஸ்டன் தொடங்கிய லிங்குவாஃபோன், உருளையிலிருந்து இசைத்தட்டுக்கு மாறி உலகெங்கும் பரவியது. இந்தப் பாடங்களெல்லாம் ஒலியும் புத்தகமும் சேர்ந்தே வந்தன. வீட்டில் தனியாகக் கற்பவர் ஊசியைப் பின்னுக்கு நகர்த்தி அதே வாக்கியத்தை மறுபடி கேட்கலாம், விரலைப் புத்தகத்தின் வரிமேல் வைத்துத் தொடரலாம். இன்றைய வீடியோவும் எழுத்துப்படியும் செய்யும் வேலையின் முழு வடிவம் அப்போதே இருந்தது. இல்லாதது இரண்டு. நடிகர் ஸ்டுடியோவில் நிதானமாகப் படித்த வாக்கியங்களே அந்தத் தட்டுகளில் இருந்தன. மக்கள் உண்மையில் பேசும் பேச்சு இல்லை. விலையும் வசதியுள்ளவர்களுக்கே எட்டியது.

பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் இதே காலத்தில் எதிர்த் திசையில் போயின. 1882இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் ஃபியட்டோர் மொழிக் கல்வி தலைகீழாகத் திரும்ப வேண்டும் என்று முழங்கி ஒரு சிறுநூல் வெளியிட்டார். 1886இல் பாரிஸில் பால் பாஸியின் முயற்சியில் கூடிய ஆசிரியர்களின் சங்கம் பின்னாளில் சர்வதேச ஒலியியல் சங்கமாக வளர்ந்தது. இலக்கணமும் மொழிபெயர்ப்புமாகச் செத்துக் கிடந்த வகுப்பறைக்கு உயிருள்ள பேச்சைக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். அந்த நன்றி அவர்களுக்கு உரியது. பேச்சே மூலம், எழுத்து அதன் நிழல் என்பது அவர்கள் கொள்கை. வழக்கமான எழுத்துக்கூட்டலை முதலிலேயே காட்டினால் உச்சரிப்பு கெட்டுப்போகும் என்றார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. ‘வென்ஸ்டே’ என்று சொல்லவேண்டியதை எழுத்தைப் பார்த்து ‘வெட்னெஸ்டே’ என்றும், ‘கம்ஃப்டபிள்’ என்பதைக் ‘கம்ஃபோர்டேபிள்’ என்றும் சொல்லும் பழக்கம் நம்மிடையே இன்றும் இருக்கிறது. 1922இல் ஜப்பானியக் கல்வி அமைச்சகம் ஆலோசகராக அழைத்த ஹரால்ட் பாமர், மாணவர் பேசவும் படிக்கவும் தொடங்குமுன் காதால் மட்டும் கேட்டு ஊறும் காலம் ஒன்று வேண்டும் என்று வலியுறுத்தினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்க ராணுவ மொழிப் பயிற்சியும், அதன்பின் வந்த கேட்டுத் திருப்பிச் சொல்லும் முறையும் இந்த வரிசையை விதியாகவே ஆக்கின: முதலில் கேள், பிறகு பேசு, அதன் பிறகே படி, கடைசியில் எழுது. 1958இல் அமெரிக்கா நிறைவேற்றிய தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் பணத்தில் பள்ளிதோறும் மொழி ஆய்வகங்கள் எழுந்தன. தலையில் ஹெட்ஃபோன், முன்னே டேப் ரெக்கார்டர். பயிற்சியின்போது எழுத்து மட்டும் கண்ணில் படக்கூடாது.

சென்னை மாநிலத்துக்கும் இந்தக் காற்று வந்தது. ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது 1958இல். அடுத்த ஆண்டு சென்னை மாநிலத்தில் ஆங்கில ஆசிரியர்களுக்கான பெரும் பயிற்சி இயக்கம் ஒன்று தொடங்கியது. வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக, வாய்வழியே முதலில் பழக்குவது அதன் அடிப்படை. கொள்கை அளவில் அது ஒலிக்கு முதலிடம் தந்தது. ஆனால் ஒலிக்கருவி இல்லாத கிராமப் பள்ளியில் வாய்வழி ஆங்கிலம் என்பது அந்த ஊர் ஆசிரியரின் ஆங்கிலம்தான். அது குறைபாடுள்ள ஆங்கிலம் என்று நான் சொல்லவில்லை. இந்திய ஆங்கிலம் தன்னளவில் முழுமையான ஒரு வழக்கு. ஆனால் லண்டன் தெருவிலோ டெக்சாஸிலோ பேசப்படுவதைப் புரிந்துகொள்ள அந்த ஒலி மட்டும் போதாது. ஒலி கிடைக்காத இடத்தில், எழுத்தையும் தள்ளிவைக்கச் சொன்ன கொள்கை வெறுங்கையோடுதான் நின்றது.

வானொலிக்காரர்களுக்கு இந்தத் தயக்கம் இருக்கவில்லை. பிபிசி 1943இல் வானொலி வழி ஆங்கிலப் பாடங்களைத் தொடங்கியது. ஜப்பானில் அதற்கும் முன்பே, 1925இல், வானொலி தொடங்கிய ஆண்டிலேயே ஆங்கிலப் பாடம் ஒலிபரப்பானது. போரில் அது நின்றுபோனது. 1946 பிப்ரவரியில் ஹிரகாவா தடாயிச்சி என்பவர் நடத்தத் தொடங்கிய மாலை நேர ஆங்கில நிகழ்ச்சி, தோற்றுப்போய்ப் பசியில் கிடந்த ஒரு நாட்டின் மனத்தில் இடம்பிடித்தது. ஜப்பானியக் குழந்தைப் பாடல் ஒன்றின் மெட்டில் ஆங்கில வரவேற்புப் பாட்டு. பிறகு கால் மணி நேரம் வீட்டுப் பேச்சு. காலையில் எழுவது, சாப்பிட உட்காருவது, தபால் எதிர்பார்ப்பது என்று ஒவ்வொரு வாரமும் ஒரு குடும்பக் காட்சி. ஹிரகாவா இளம்வயதில் அமெரிக்கா போய் உழைத்துப் படித்தவர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றவர். 1945 ஆகஸ்டில் பேரரசரின் சரணடைவு அறிவிப்பை ஆங்கிலத்தில் வெளிநாடுகளுக்கு வாசித்த குரலும் அவருடையதே. இங்கே நம் வாதத்துக்கு முக்கியமானது அந்த நிகழ்ச்சியோடு வந்த மெல்லிய பாடப்புத்தகம். காகிதமே கிடைக்காத அந்த ஆண்டுகளில் மக்கள் அதைத் தேடி வாங்கினார்கள். வானொலியைப் பின்னுக்கு ஓட்ட முடியாது, ஒரு முறை தவறினால் தவறியதுதான். காற்றில் கரைந்துபோகும் ஒலியைப் பிடித்துவைக்க நேயர்களுக்கு இருந்த ஒரே பிடி அந்தத் தாள்கள். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வேறு வழியை எடுத்தது. 1959 அக்டோபரில் தொடங்கிய அதன் ‘ஸ்பெஷல் இங்லிஷ்’ ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் செய்தி வாசித்தது. கோடிக்கணக்கானவர்களுக்கு அது முதல் படியாக அமைந்தது. ஆனால் மெதுவாக, சொற்களைப் பிரித்துப் பிரித்து வாசிக்கும்போது ஆங்கிலப் புணர்ச்சி பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. எதைக் கேட்கத் தெரியவில்லையோ அதையே நீக்கிவிட்டுக் கேட்கச் சொல்வது முழுத் தீர்வு ஆகாது.

முழுத் தீர்வு வேறொரு தெருவிலிருந்து வந்தது. ஊமைப்படக் காலத்தில் காது கேளாதவர்களும் கேட்பவர்களும் திரையரங்கில் சமமாக உட்கார்ந்திருந்தார்கள். காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகள் இருவருக்கும் பொது. 1927 அக்டோபரில் ‘தி ஜாஸ் சிங்கர்’ பேசத் தொடங்கியது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அட்டைகள் காணாமல் போயின. காது கேளாதவர்களுக்குச் சினிமாவின் கதவு மூடியது, நடிகர்களாக இருந்த சிலரின் பிழைப்பும் போனது. ஹவானாவில் பிறந்து அமெரிக்காவில் ஊமைப்பட நகைச்சுவை நடிகராக இருந்த எமர்சன் ரொமேரோ அவர்களில் ஒருவர். 1947இல் அவர் தானே படச்சுருள்களை வாங்கி, வெட்டி, காட்சிகளுக்கு இடையே எழுத்து அட்டைகளை ஒட்டி, காது கேளாதோர் சங்கங்களுக்கு வாடகைக்கு அனுப்பினார். படம் நீண்டது, ஒலி துண்டுபட்டது, அழகு கெட்டது. பார்க்க வந்தவர்களுக்கு அவை எதுவும் பொருட்டாக இல்லை. அவரைப் பார்த்து, காது கேளாதோர் பள்ளிகளை நடத்தியவர்கள் படத்தின் மேலேயே எழுத்தைப் பதிக்கும் முறையில் ஒரு சிறு நூலகம் அமைத்தார்கள். 1958 செப்டம்பரில் அமெரிக்க அரசு அதைச் சட்டமாக்கித் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மொழி ஆய்வகங்களுக்குப் பணம் ஒதுக்கிய சட்டமும் இதுவும் ஒரே நாளில், 1958 செப்டம்பர் 2 அன்று, அதிபர் ஐசனோவரின் கையெழுத்தைப் பெற்றவை. ஒன்று எழுத்தை மறைத்த கல்விக்குப் பணம் தந்தது, மற்றது எழுத்தைத் திரையில் ஏற்றியது.

தொலைக்காட்சிக்கு அது வரப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. 1972இல் பாஸ்டனின் டபிள்யூஜிபிஎச் நிலையம், ஜூலியா சைல்ட் நடத்திய ‘தி ஃபிரெஞ்ச் செஃப்’ சமையல் நிகழ்ச்சியை எழுத்தோடு ஒளிபரப்பியது. அடுத்த ஆண்டு இறுதியில் ஏபிசியின் மாலைச் செய்தியை வாங்கி, சில மணி நேரத்தில் எழுத்து ஏற்றி, இரவு பதினொரு மணிக்கு மறுஒளிபரப்பு செய்தது. காது கேளாதவர்கள் அன்றைய செய்தியை அன்றே அறியும் வாய்ப்பு தொலைக்காட்சியில் முதன்முதலாகக் கிடைத்தது அப்போதுதான். ஆனால் எல்லோருடைய திரையிலும் எழுத்து ஓடுவதைப் பெரிய நிறுவனங்கள் விரும்பவில்லை. வேண்டுபவர்களுக்கு மட்டும் தெரியும் எழுத்துக்கு வழி தேடினார்கள். தொலைக்காட்சி சமிக்ஞையில் நேரத்தைக் குறிக்கும் தகவலை அனுப்ப அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் செய்துபார்த்த ஒரு சோதனை அந்த வழியைக் காட்டியது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம் 525 கிடைக்கோடுகளால் ஆனது. அவற்றில் கண்ணுக்குத் தெரியாத மேற்பகுதியில் இருபத்தோராவது கோட்டை 1976இல் இதற்கென ஒதுக்கினார்கள். ஒவ்வொரு சட்டகத்துக்கும் இரண்டு எழுத்து, நொடிக்கு அறுபது எழுத்து. வரிக்கு 32 எழுத்துக்கு மேல் போகாது. 1980 மார்ச் 16 அன்று மறைந்திருக்கும் அந்த எழுத்தோடு முதல் நிகழ்ச்சிகள் வெளியாயின. அதைப் படிக்கத் தனிப்பெட்டி ஒன்றைக் கடையில் வாங்கித் தொலைக்காட்சியோடு இணைக்க வேண்டும். 1982இல் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்களைக் கொண்டு நேரலைக்கும் எழுத்து போடத் தொடங்கினார்கள்.

எழுத்தை எப்படிப் போடுவது என்பதில் ஒரு சச்சரவு நடந்தது. பேச்சின் வேகத்துக்குப் படிக்க முடியாது என்று எண்ணித் தொடக்கத்தில் வாக்கியங்களைச் சுருக்கி, எளிமையாக்கி எழுதினார்கள். பள்ளிக் குழந்தைகளுக்கு அது பொருந்தலாம். காது கேளாத பெரியவர்கள் அதை ஏற்கவில்லை. மற்றவர்கள் கேட்பது எதுவோ அதையே நாங்களும் படிக்க வேண்டும், எங்களுக்காக யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றார்கள். மெல்ல மெல்லச் சொன்னது சொன்னபடியே எழுதும் முறை வழக்கமாயிற்று. மொழி கற்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. சுருக்கி எழுதிய சப்டைட்டிலில் ‘ஐ ஷுட் ஹேவ் டோல்ட் ஹிம்’ வேறு ஏதோ மூன்று சொல்லாகியிருக்கும். காதும் கண்ணும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். சொன்னபடியே எழுதும்போதுதான் எழுத்து, ஒலியின் வரைபடம் ஆகிறது.

மொழி ஆசிரியர்கள் இதைக் கவனித்தது அதற்குப் பிறகுதான். 1983இல் கேரன் பிரைஸ், இந்த எழுத்தை வேற்றுமொழிக்காரர்கள் பயன்படுத்தினால் புரிதல் கூடுகிறது என்று காட்டி, யாரும் தொடாத ஒரு வளம் இங்கே கிடக்கிறது என்று எழுதினார். 1988இல் ராபர்ட் வேண்டர்ப்ளாங்க் பிரிட்டனின் டெலிடெக்ஸ்ட் சப்டைட்டில்களை வைத்து இதே முடிவுக்கு வந்தார். 1992இல் நியூமனும் காஸ்கினெனும் அமெரிக்காவில் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்த 129 பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வு தெளிவானது. எழுத்தோடு கூடிய அறிவியல் நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள், எழுத்தில்லாமல் பார்த்தவர்களைவிடவும், பாடத்தைக் கேட்டுக்கொண்டே படித்தவர்களைவிடவும், பாடநூல் மட்டும் படித்தவர்களைவிடவும் அதிகச் சொற்களைக் கற்றார்கள். இந்த ஆய்வுகள் எதுவும் ஒரு கருவியை உருவாக்கவில்லை. ஏற்கெனவே திரையில் ஓடிக்கொண்டிருந்ததன் பயனை அளந்தன, அவ்வளவுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். தொழில்நுட்பம் வளர்ந்தால் எழுத்து தானாகவே வந்திருக்காதா, இதில் காது கேளாதோரின் பங்கை ஏன் இவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; அந்த இருபத்தோராவது கோடே வேறொரு நோக்கத்துக்காகச் செய்த சோதனையின் விளைச்சல் என்று நானே மேலே சொன்னேன். ஆனால் வழி இருப்பது வேறு, அதில் யாரோ நடப்பது வேறு. 1980க்குப் பின் பத்து ஆண்டுகள் தொழில்நுட்பம் முழுதாகக் கையில் இருந்தும், தொலைக்காட்சிப் பெட்டி செய்தவர்கள் மறைந்திருக்கும் எழுத்தைப் படித்துக் காட்டும் சிறு சில்லை உள்ளே வைக்கவில்லை. 1988இல் காது கேளாதோர் பயிலும் காலடெட் பல்கலைக்கழகத்தில் காது கேளாத ஒருவரே தலைவராக வேண்டும் என்று மாணவர்கள் நடத்திய போராட்டம் வென்ற வேகத்தில்தான் 1990ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள எல்லாத் தொலைக்காட்சியிலும் 1993 ஜூலை முதல் அந்தச் சில் கட்டாயம் என்றது அது. குழந்தைகளின் வாசிப்புக்கும் பெரியவர்களின் எழுத்தறிவுக்கும் இது உதவும் என்று சட்டத்தின் முகப்பிலேயே நாடாளுமன்றம் பதிவு செய்தது. தனிப்பெட்டி வாங்க வசதியில்லாத குடியேறிகளின் வீட்டுக்கு எழுத்து இலவசமாக வந்தது அன்றிலிருந்துதான். இணையத்திலும் இதே கதை. நெட்ஃபிளிக்ஸ் தன் படங்கள் அனைத்துக்கும் எழுத்து போட ஒப்புக்கொண்டது, தேசியக் காது கேளாதோர் சங்கம் தொடுத்த வழக்கின் முடிவாக, 2012இல். ஹார்வர்டு, எம்ஐடி விரிவுரைகளுக்கு முறையான எழுத்து வந்ததன் பின்னாலும் 2015இல் அதே சங்கம் போட்ட வழக்குகள் உண்டு. யூடியூபின் தானியங்கி எழுத்தை 2009இல் அறிமுகப்படுத்திய கூகுள் பொறியாளர் கென் ஹாரன்ஸ்டீன் காது கேளாதவர். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு பொறியியல் மாணவி எம்ஐடி விரிவுரையை வரி வரியாகத் தொடர்ந்து கேட்க முடிகிறதென்றால், இடையில் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது.

சட்டத்தால் கட்டாயப்படுத்தினால் உள்ளதும் போகும் என்பாரும் உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தை அவர்கள் சுட்டுவார்கள். எழுத்து போடும் செலவைக் காரணம் காட்டி 2017இல் அது 20,000க்கு மேற்பட்ட விரிவுரைப் பதிவுகளைப் பொதுமக்களின் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. இழப்புதான். ஆனால் கட்டாயம் இல்லாத இடத்தில் பெரிய நிறுவனங்கள் தாமாக என்ன செய்யும் என்பதற்கும் அதுவே சான்று. 2022இல் நீதித்துறையோடு உடன்பாடு செய்துகொண்டு எழுத்து போட அதே பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது.

இன்னொரு மறுப்பு கல்வியாளர்களுடையது. அதற்குத்தான் அதிகக் கனம். எழுத்து ஓடும்போது கண் படிக்கிறது, காது தூங்குகிறது. இதில் கேட்கும் பயிற்சி எங்கே என்கிறார்கள். ஃபியட்டோரின் அச்சமே புது உருவில் வருகிறது. 2009இல் நெதர்லாந்தின் நைமேகனில் ஹோல்கர் மிட்டரரும் ஜேம்ஸ் மெக்குவீனும் செய்த ஒரு சோதனை இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த டச்சுக்காரர்களுக்குப் பழக்கமில்லாத உச்சரிப்புள்ள இரண்டு படைப்புகளில் ஒன்றைக் காட்டினார்கள்: ஸ்காட்லாந்துப் பேச்சு நிறைந்த ‘டிரெயின்ஸ்பாட்டிங்’ அல்லது ஆஸ்திரேலியத் தொடர் ‘காத் அண்ட் கிம்’. சிலருக்கு ஆங்கில எழுத்து, சிலருக்கு டச்சு எழுத்து, சிலருக்கு எழுத்தே இல்லை. பிறகு எழுத்தை நீக்கிவிட்டு, கேட்ட துண்டுகளையும் அதே பேச்சாளர்களின் புதிய துண்டுகளையும் ஒலியாக மட்டும் போட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்கள், முன்பு கேட்காத புதிய வாக்கியங்களையும் நன்றாகப் பிடித்தார்கள். கண் படித்துக்கொண்டிருந்தபோது காது தூங்கியிருந்தால் இது நடந்திருக்காது. எந்தச் சொல் என்று எழுத்து சொல்லிவிடுவதால், அந்த ஒலிதான் அந்தச் சொல் என்று காது தன்னைத் திருத்திக்கொள்கிறது. திருத்தம் பேச்சாளரின் மற்ற வாக்கியங்களுக்கும் பரவுகிறது. டச்சு எழுத்தோடு பார்த்தவர்களின் நிலை வேறு. புதிய வாக்கியங்களில் அவர்கள், எழுத்தே இல்லாமல் பார்த்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். தாய்மொழி எழுத்து காதின் கவனத்தை வேறு ஒலிகளுக்கு இழுத்துச் சென்றுவிடுகிறது.

நெதர்லாந்திலும் ஸ்காண்டினேவியாவிலும் மக்கள் தலைமுறைகளாகத் தாய்மொழி சப்டைட்டிலோடு ஆங்கிலப் படம் பார்த்துத்தானே ஆங்கிலத்தில் தேர்ந்தார்கள் என்று இதை மறுக்கலாம். மறுப்பில் பாதி உண்மை. குரல் மாற்றிப் பார்க்கும் நாடுகளைவிட அவர்கள் ஆங்கிலத்தில் முன்னே நிற்பதற்கு மூல ஒலியைக் கேட்டு வளர்ந்தது ஒரு காரணம். ஆங்கிலமே தெரியாத ஒருவருக்குத் தமிழ் எழுத்துதான் கதையைப் புரியவைக்கும், அந்தக் கட்டத்தில் அது வேண்டும். ஆனால் சொற்கள் தெரிந்த பிறகும் பிடிபடாத ஒலியைப் பழக, பேசும் மொழியிலேயே எழுத்து இருக்க வேண்டும். பின்னாளில் அகமதாபாத் ஐஐஎம்மில் பணியாற்றிய பிரிஜ் கோத்தாரி இதை உணர்ந்தது, அமெரிக்காவில் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருந்த மாணவராக ஸ்பானியப் படங்களை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தபோது. எழுத்தும் ஸ்பானிஷிலேயே இருந்திருக்கலாகாதா என்ற எண்ணத்திலிருந்து, இந்தியத் திரைப்பாடல்களுக்கு அந்தந்த மொழியிலேயே எழுத்து போட்டு எழுத்தறிவு வளர்க்கும் திட்டம் பிறந்தது. 1999இல் குஜராத்தியிலும், பிறகு தூர்தர்ஷனின் சித்ரஹார் வழியாக இந்தியிலும் அது நடந்தது.

எழுத்து இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. தானியங்கி எழுத்து தவறாகக் கேட்டால், கற்பவரின் காதும் அந்தத் தவறுக்கே பழகும். 2014இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் தொலைக்காட்சி எழுத்துக்கு நான்கு தரங்களை வகுத்தது. சொன்னது சரியாக இருக்க வேண்டும். சொன்ன நேரத்தில் வர வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை இருக்க வேண்டும். படத்தை மறைக்காத இடத்தில் நிற்க வேண்டும். காது கேளாதோர் பல ஆண்டுகள் முறையிட்டதன் விளைவு இந்த விதிகள். வீடியோத் துண்டை வைத்துக் கேட்கப் பழகும் ஒருவர் தேர்ந்தெடுக்கவேண்டிய எழுத்துப்படிக்கும் முதல் மூன்று அளவுகோல்கள் அப்படியே பொருந்தும். தானியங்கி எழுத்தை நம்பிப் பயிற்சி செய்வதைவிட, மனிதர் ஒருவர் கேட்டுத் திருத்திய எழுத்துப்படி உள்ள ஒரே ஒரு மூன்று நிமிடத் துண்டு மேலானது.

இந்த வரலாறு தமிழுக்கும் ஒரு கணக்கை முன்வைக்கிறது. டொரன்டோவிலும் லண்டனிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்ப் படங்களை ஆங்கில சப்டைட்டிலோடு பார்க்கிறார்கள். நைமேகன் சோதனையை வைத்துப் பார்த்தால், தமிழ் ஒலியைப் பிடிக்க அவர்களுக்கு அது உதவாது, இடைஞ்சலாகக்கூட இருக்கலாம். தமிழ்ப் பேச்சுக்குத் தமிழ் எழுத்து போட்ட படங்கள் அரிது. தமிழ்நாட்டில் காது கேளாதவர்களும் அதே குறையோடுதான் தமிழ்ப் படம் பார்க்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கான தரநிலைகளை மத்திய அரசு 2019இல் வெளியிட்டது, திரையரங்குப் படங்களுக்கான வழிகாட்டுதல்களை 2024 மார்ச்சில் வெளியிட்டது. இவற்றை ஏட்டில் விட்டுவிடாமல், தமிழ்ப் படங்களும் செய்திகளும் பேசியது பேசியபடியே தமிழ் எழுத்தோடு வரவேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் காது கேளாதோர் மட்டும் அல்ல. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் புலம்பெயர்ந்த பெற்றோரும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்துகிறவர்களும் அந்தக் கோரிக்கையில் கையெழுத்திட வேண்டும்.